அக்கா சொன்ன சாட்சி

ஓடையப்பாளையத்துக்கு வந்து மாரியாத்தாள் வீடு எது என்று கேட்டால், எந்த மாரியாத்தாள் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் ஊருக்குள் ஏழெட்டுப் பேர் உண்டு. வேந்தன் அக்கா என்று கேட்டால் மட்டும் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தேங்காய்க் களத்தில் விட்டுவிடும். பிறந்ததற்கு வைத்த பெயரைவிட இந்தப் பெயர்தான் அவளுக்கு நிலைத்தது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை.

அவளுக்குப் பாவாடை கட்டத் தெரிந்த வயதில் தாய் காய்ச்சலில் போய்விட்டாள். தேயிலைத் தோட்ட வேலைக்கென்று வால்பாறைக்குப் போன அப்பன், அங்கேயே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டான். அவன் மகனுக்கு விட்டுப்போனது ஒரு பெயர் மட்டும்தான். ஏதோ கட்சிக் கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்து ஆசையாக வைத்த பெயர், தமிழ்வேந்தன். அந்த வேந்தனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாரியாத்தாள் குமாரசாமிப் பண்ணாடியின் களத்தில் தேங்காய் பொறுக்க வந்தாள். பண்ணாடி என்றால் அந்தப் பக்கத்தில் தோட்டக்காரர், முதலாளி. தம்பியை மஞ்சி என்கிற தேங்காய் நார்க் குவியலில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். அவன் தூங்கிப்போனால் தன் தாவணியை அவிழ்த்துப் போர்த்திவிட்டு, வெறும் சட்டையோடு வெயிலில் நிற்பாள்.

சின்னான் அவளைப் பெண் கேட்டு வந்தபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"என்ற தம்பியும் கூட வருவானுங்க. அதுக்குச் சம்மதம்னாச் சொல்லுங்க."

"அவனை உட்டுட்டு வாரேன்னு சொல்லியிருந்தாத்தான் நான் ரோசனை பண்ணியிருப்பேன்" என்றான் சின்னான்.

அந்தப் பேச்சிலேயே அவள் அவனுக்குப் பெண்டாட்டி ஆகிவிட்டாள். தாலி பிறகு வந்தது.

சின்னான் அதிகம் பேசாதவன். லாரிக்கும் டெம்போவுக்கும் லோடு ஏற்றுகிற வேலை. மச்சினன் மேல் அவனுக்கு இருந்த பிரியம் ஊருக்கே வேடிக்கை. பண்ணாடியிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, வேந்தனுக்கு வண்டி பழக்கிக்கொடுக்கச் சொன்னதும் அவன்தான். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ஒரு கிலோ மிக்சர் வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தான். "எங்கூட்டுல ஒரு டிரைவருங்க" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தான். அதற்குப் பிறகு பண்ணாடியின் டெம்போவில் மச்சினன் ஸ்டியரிங்கிலும் மாமன் கதவோரத்திலுமாக, ஆனைமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே அவர்கள் போகாத நாள் இல்லை. மாரியாத்தாளுக்குப் பெண் பிறந்ததும், யுவஸ்ரீ என்று பெயர் வைத்தவனும் வேந்தன்தான். எந்தப் பத்திரிகையில் பார்த்தானோ. சின்னானின் தாய் பழனியாத்தாளுக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. அவள் பேத்தியை அம்மணி என்றே கூப்பிட்டாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஐப்பசி. தீபாவளிக்குச் சில நாள்தான் இருந்தது. குழந்தைக்கு ஒரு கவுன் எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு மாரியாத்தாளும் டெம்போவில் பொள்ளாச்சிக்குப் போயிருந்தாள். குழந்தை பாட்டியிடம் இருந்தது. சந்தையில் லோடு இறக்கி, கவுன் எடுத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு மூவரும் திரும்பினார்கள். வேந்தன் ஓட்டினான். நடுவில் மாரியாத்தாள், இடதுபக்கக் கதவோரம் சின்னான். பொழுது இறங்குகிற நேரம். மேற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது, தூறலும் விழ ஆரம்பித்திருந்தது. களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. மழை பிடிப்பதற்குள் போனால் அள்ளிவிடலாம் என்று வேந்தன் மிதித்தான்.

ஒரு வளைவுக்கு முன்னால் தென்னை மட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. வேந்தன் ஆரன் அடித்துக்கொண்டே வலதுபக்கம் ஏறினான். வளைவில் பஸ்ஸின் முகப்பு தெரிந்தது.

"பொறு மாப்ளே, பஸ்ஸு வருது" என்றான் சின்னான்.

"போயரலாம் மாமா" என்றான் வேந்தன்.

போக முடியவில்லை. பஸ்காரர் தன் பக்கத்து மண்ணில் வண்டியை இறக்கிவிட்டார். வேந்தன் மாட்டு வண்டிக்கு முன்னால் இடதுபக்கம் ஒடித்தான். ஈரத்தில் டெம்போ வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. மோதியது சின்னான் உட்கார்ந்திருந்த பக்கம்.

பஸ்ஸை ஓட்டிவந்தவர் அப்துல் மஜீத். நரைத்த தாடிக்காரர். அவரும் கண்டக்டர் ரசாக்கும் ஓடிவந்து, வேந்தனோடு சேர்ந்து கதவைப் பிய்த்து சின்னானை வெளியே எடுத்தார்கள். பஸ் பொள்ளாச்சிக்குப் போகிற பஸ்தான். பின்சீட்டில் படுக்க வைத்து, எந்த நிறுத்தத்திலும் நிறுத்தாமல் ஓட்டினார். இறங்க வேண்டிய சனம்கூட, நிறுத்து என்று சொல்லவில்லை. வேந்தன் பஸ்ஸின் தரையில் மண்டியிட்டு, மாமா மாமா என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். மாரியாத்தாளுக்கு நெற்றியில் ஒரு கீறல் மட்டும். ரத்தம் கண்ணில் வழிவதைக்கூடத் துடைக்காமல் புருசனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் அந்தக் கால் சில்லிட்டுவிட்டது.

டாக்டர் உதட்டைப் பிதுக்கியதும் வேந்தன் எழுந்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடந்தே ஸ்டேஷனுக்குப் போய், "நாந்தான் ஓட்டினேன்" என்று உட்கார்ந்துகொண்டான்.

வாக்குமூலம் வாங்க ஏட்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். வயதானவர், நிதானமாகத்தான் கேட்டார். அவளும் சொன்னாள்.

"வெசயாத்தான் வந்தானுங்க. வண்டியத் தாண்டப் போனானுங்க. எதுத்தாப்புல பஸ்ஸு வந்துருச்சுங்க."

அவர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து என்று அதில் இருந்தது.

"அஜாக்கிரதைன்னா என்னங்க?"

"பாத்துப் போகாததும்மா."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கைநாட்டு வைத்தாள். சின்னான் சொன்னதையும் அதற்கு வேந்தன் சொன்னதையும் மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

பண்ணாடி ஜாமீன் கொடுத்து வேந்தனை வெளியே கொண்டுவந்தார். ஆனால் அவனுக்கு வீடு இல்லாமல் போயிற்று. பழனியாத்தாள் வாசலில் நின்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"அவன் இந்த ஊட்டுப் படி மிதிச்சா நான் கிணத்துல உளுந்துருவேன்."

மாரியாத்தாள் மாமியாரைக் குறை சொல்லவில்லை. ஒற்றை மகனைப் பறிகொடுத்தவள். வேந்தன் களத்துக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டான். பொழுது சாயும் முன்பு மாரியாத்தாள் ஒரு தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு களத்துக்குப் போவாள். மாமியார் அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாள். சட்டியில் சோறு குறைவது அவளுக்குத் தெரியும். மறுநாள் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவதும் அவள்தான். ஆனால் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வேந்தன் போசியைத் திறப்பான், இரண்டு வாய் அள்ளுவான், அப்படியே வைத்துவிடுவான்.

"தின்னு கண்ணு."

"எறங்க மாட்டீங்குதுக்கா."

அதற்கு மேல் அவளும் வற்புறுத்த மாட்டாள். இருட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். அவள் கண்ணுக்கு அவன் அந்த மஞ்சிக் குவியலில் தூங்கிப்போன குழந்தைதான். ஆனால் விடியற்காலையில் விழித்துப் பக்கத்தில் கையை நீட்டினால் பாய் காலியாக இருக்கும். அப்போது மட்டும் தம்பி மேல் ஒரு ஆத்திரம் நெஞ்சைக் கவ்வும். குழந்தை சிணுங்கினால் அது அடங்கிவிடும்.

ஒருநாள் அவளாகவே ஸ்டேஷனுக்குப் போனாள். கேஸைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அதே ஏட்டு அவளை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"இது உன் கேஸ் இல்லம்மா. ஒரு உசுரு போச்சுன்னா அது சர்க்காரு கேஸு. முந்நூத்தி நாலு ஏ. அடிதடின்னா ரெண்டு பேரு கூடிப் பேசி ராசியாப் போயிரலாம். இதுல அது முடியாது. செத்தவன் பொண்டாட்டி மன்னிச்சாலும் சட்டம் அதைக் கணக்குல எடுத்துக்காது."

"என்ற புருசன்தானுங்களே செத்தது."

"ஆமாம்மா. ஆனா ரோட்டுல நாளைக்கு இன்னொருத்தி புருசன் போவானில்ல?"

பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தாள்.

தை மாதத்தில் பழனியாத்தாள், மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப் போக வேண்டும் என்றாள். அநியாயம் நடந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் ஆனைமலைக்குப் போய், கோயில் ஆட்டுக்கல்லில் வரமிளகாயை அரைத்து அம்மனுக்குப் பூசிவிட்டு வருவார்கள். கேட்க வேண்டியதை அம்மன் கேட்பாள். யார்மேல் அரைக்கப் போகிறாள் என்று மாரியாத்தாள் கேட்கவில்லை. மாமியாருக்குக் கண் மங்கல், தனியாக பஸ் ஏற முடியாது. மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டு இவளும் போனாள்.

கோயிலில் நல்ல கூட்டம். பழனியாத்தாள் கல்லின் முன் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தாள். "என்ற பையன் உசுரு குடிச்சவனை நீ கேளு ஆத்தா" என்று வாய் ஓயாமல் சொன்னாள். பாதி அரைப்பதற்குள் மணிக்கட்டு பிடித்துக்கொண்டது. கல் உருளவில்லை. பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது. மகன் இறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாத உடம்பு, கல்லின் மேலேயே சாய்ந்துகொண்டு அழுதது.

மாரியாத்தாள் அவளைக் கைத்தாங்கலாக நகர்த்தி உட்கார வைத்துவிட்டு, தான் உட்கார்ந்து கல்லைப் பிடித்தாள். மிச்ச மிளகாயை அரைத்தாள். கண்ணும் மூக்கும் ஒழுகின. மிளகாயாலா வேறெதனாலா என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. மனதுக்குள் அவள் சொன்னது இதுதான். 'ஆத்தா, அவன் நாசமாப் போவோணும்னு நான் கேக்க மாட்டேன். ஒண்ணும் பண்ணாம உட்டுருன்னும் கேக்க மாட்டேன். அவன் செஞ்சதுக்கு என்ன உண்டோ அதைக் குடு. அதுக்கு மேல ஒரு பொட்டுக்கூட வேண்டாம்.'

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் கை நெருப்பாக எரிந்தது. பழனியாத்தாள் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, மருமகளின் விரல் ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துத் தடவிவிட்டாள்.

வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது. தொண்ணூற்று ஐந்து பிறந்த பிறகுதான் சாட்சி விசாரணை வந்தது. பண்ணாடி வைத்துக்கொடுத்த வக்கீல் வரதராஜுலு. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, தன் கட்சிக்காரனை வெளியே கொண்டுவருவது அவர் தொழில். அக்காவையும் தம்பியையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார்.

"வண்டியில பிரேக் சரியா இருந்துதுன்னு மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் குடுத்துட்டாரு, அந்த வழி அடைஞ்சுபோச்சு. மாட்டு வண்டிக்காரன் ஆளே ஆப்டலை. பாத்த சாட்சின்னு இருக்கறது நீயும் பஸ் டிரைவரும்தான். பஸ்ஸு வேகமா, நம்ம பக்கம் ஏறி வந்துது, தம்பி தப்பிக்க ஒடிச்சான், அப்படின்னு சொல்லிரு. ஆஸ்பத்திரியில சொன்னதைக் கேட்டா, போலீஸ்காரரா எழுதிக்கிட்டாரு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. செத்தவரோட சம்சாரம் சொல்றதை கோர்ட் தட்டாது. கேஸ் நிக்காது."

வேந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள்.

"நீ என்ன கண்ணு சொல்றே?" என்றாள் அவள்.

அவன் நின்றான். இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னான்.

"செயிலுக்குப் போகப் பயமா இருக்குதுக்கா."

நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்த நிமிடம் அவள் முடிவு செய்துவிட்டாள். வக்கீல் சொன்னபடியே சொல்லிவிட வேண்டும். போனவர் போய்விட்டார், இருக்கிறவனையாவது காப்பாற்றுவோம்.

சாட்சி நாளன்று கோர்ட் வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. தூணோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டையோடு ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். நிமிர்ந்து பார்த்தாள். அப்துல் மஜீத்.

"நல்லா இருக்கிறயாம்மா? கைப்பிள்ளை ஒண்ணு இருக்குதுன்னு சொன்னாங்களே, நடக்குதா?"

"ஓடுதுங்க" என்றாள். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அல்லா நல்லா வெப்பான். இன்னிக்கு ரெண்டாவது தடவை லீவு போட்டுட்டு வாரேன். பரவாயில்லை, வந்துதானே ஆகணும்." அவரே மேற்கொண்டு பேசினார். "அன்னிக்குக் கண்ணாடியில பின்சீட்டைப் பாத்துக்கிட்டேதாம்மா ஓட்டினேன். இன்னும் சித்தே வெரசாப் போயிருந்தாப் பொழச்சிருப்பாரோன்னு இப்பவும் தோணுது. அதுக்கப்பறம் அந்த வளைவு வந்தா எங்கையி தானா ஆரன் மேல போயிருது."

அவள் அவர் கையைப் பார்த்தாள். கதவைப் பிய்த்தபோது கிழிந்த தழும்பு கட்டைவிரலோரம் வெள்ளையாகக் கிடந்தது. வக்கீல் சொன்னதைச் சொன்னால் வேந்தன் ஏறப்போகிற கூண்டில் இந்த மனிதர் ஏற வேண்டியிருக்குமோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. பஸ் தப்பான பக்கம் வந்தது என்று சொல்லிவிட்டால், சின்னான் கடைசியாகப் பேசிய பேச்சு பேசாததாகிவிடும். அந்த மனிதன் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

டவாலி மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சாட்சிக் கூண்டில் ஏறினாள். எதிர்க் கூண்டில் வேந்தன். மேலே இருந்த மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அரசு வக்கீல் நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

சொன்னாள். கவுன் வாங்கியதிலிருந்து ஆரம்பித்தாள். அவர் குறுக்கே பேசப் பார்த்தார், மாஜிஸ்ட்ரேட் அம்மாள் விடுங்கள் என்று கை காட்டினார். மாட்டு வண்டியைச் சொன்னாள், வளைவைச் சொன்னாள்.

"பஸ்ஸைக் கண்டதும் என்ற ஊட்டுக்காரரு 'பொறு மாப்ளே, பஸ்ஸு வருது'ன்னாருங்க. தம்பி, 'போயரலாம் மாமா'ன்னானுங்க. போக முடியலீங்க."

எதிர்க் கூண்டில் வேந்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

வரதராஜுலு எழுந்தார். "பஸ் ராங் சைடுல ஏறி வந்துதா இல்லையா?"

"இல்லீங்க. பஸ்ஸு அதோட பக்கத்துலதானுங்க வந்துச்சு. எங்களுக்காக மண்ணுல எறக்குனாருங்க. அவருதான் ஆசுபத்திரிக்கும் கொண்டாந்தாருங்க."

அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். போகலாம் என்றார்கள். அவள் இறங்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"அம்மா, அவன் வேணும்னு செய்யலீங்கம்மா. அவங்க மாமன்னா அவனுக்கு உசுருங்க."

மாஜிஸ்ட்ரேட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "வேணும்னு செஞ்சிருந்தா அது கொலைம்மா. வேற சட்டம், வேற கோர்ட். வேணும்னு செய்யாம, பொறுக்காம செஞ்சதுக்குத்தான் இந்தச் சட்டம் இருக்கு. நீ சொன்னதையும் எழுதிக்கிட்டேன். போ."

வராந்தாவுக்கு வந்து தூணோரம் நின்றாள். தம்பி இனித் தன் முகத்தில் விழிக்க மாட்டான் என்று நினைத்தாள். அவனை வளர்த்த கையாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டோமே என்றிருந்தது. அப்துல் மஜீத்தும் சாட்சி சொல்லி முடித்து வந்தார், அவளிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். கடைசியாக வேந்தன் வெளியே வந்தான். பக்கத்தில் வந்து நின்றான்.

"காத்தால இருந்து ஒண்ணும் திங்கலையில்ல? டீ குடிக்கறயாக்கா?"

எதிரே இருந்த பேக்கரியில் டீயும் பன்னும் வாங்கிக்கொடுத்தான். பன்னில் பாதியை அவளும் பாதியை அவனும் தின்றார்கள். சின்னான் இறந்த பிறகு அவன் முழுதாக மென்று விழுங்கியதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஊரில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பேச்சு பழனியாத்தாள் காதுக்கும் போயிற்று. சாயங்காலம் அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கோர்ட்டுல சொன்னயாமே. என்ற பையன் கடைசியாப் பேசுனானாமே."

"ஆமாங்கத்தே."

"என்னன்னு?"

"'பொறு மாப்ளே, பஸ்ஸு வருது'ன்னாருங்க."

"இத்தனை நாளா எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா அவன் மேல இன்னும் கோவம் ஆயிருமேன்னுங்க."

பழனியாத்தாள் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சத்தம் போட்டுச் சொன்னானா? பயந்து சொன்னானா?"

"இல்லீங்கத்தே. மெதுவாத்தானுங்க. எப்பவும் பேசறாப்பலயே."

"மாப்ளேன்னா?"

"ஆமாங்க. மாப்ளேன்னுதான்."

"இன்னொருக்காச் சொல்லு."

மாரியாத்தாள் சொன்னாள். சின்னான் சொன்ன மாதிரியே, அந்த இழுப்போடு சொன்னாள். கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகன் போன நாளில் அடித்துக்கொண்டு அழுத அழுகை வேறு. இது சத்தமில்லாத அழுகை. அவள் அழுது முடியும்வரை மாரியாத்தாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தீர்ப்பில் ஆறு மாத ஜெயில் என்று வந்தது. தானாகப் போய்ச் சரணடைந்தது, அடிபட்டவரை விட்டு ஓடாதது, இதற்கு முன்னால் ஒரு குற்றமும் இல்லாதது, எல்லாவற்றையும் சொல்லித்தான் அந்த அம்மாள் தண்டனையைக் குறைத்தார். அப்பீல் போகலாம், அதுவரைக்கும் வெளியே இருக்கலாம் என்று வரதராஜுலு சொன்னார். வேந்தன் வேண்டாம் என்றான். "இன்னும் எத்தனை நாளைக்குங்க தலைக்கு மேல தொங்க உட்டுக்கறது" என்றான். கோயமுத்தூர் சென்ட்ரல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

மாரியாத்தாள் அதுவரை கோயமுத்தூரைப் பார்த்ததில்லை. உக்கடத்தில் இறங்கி, ஒவ்வொருவரிடமும் "ஏனுங்க, செயிலுக்கு எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டுக் கேட்டு டவுன் பஸ் பிடித்தாள். கேட்டவர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பெரிய மதில் சுவரைப் பார்த்ததும் பாதி தைரியம் போய்விட்டது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வேந்தன் வந்து நின்றான். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆளாளுக்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்ததில் ஒன்றும் காதில் விழவில்லை.

"தூங்கறயா கண்ணு?" என்று கத்தினாள்.

"நல்லாத் தூங்கறேன்க்கா. நெசமாலுமே. இங்க வந்தப்பறம்தான் தூக்கம் வருது."

அவன் பொய் சொல்லும்போது காதுமடலைத் தொடுவான். அவள் அதைத்தான் பார்த்தாள். கை கீழேயே இருந்தது. அந்த ஒன்றைப் பார்த்துவிட்ட நிம்மதியில் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஜெயிலிலிருந்து வந்தவன் மறுபடி களத்துக் கொட்டகைக்கே போனான். லைசென்ஸ் கைக்குத் திரும்பி வந்தும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சின்னான் பார்த்த லோடு ஏற்றுகிற வேலையை எடுத்துக்கொண்டான். பண்ணாடி புது டிரைவர் வைத்தார். அவன் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பவில்லை. லோடு கிடந்தது. அப்போது மாரியாத்தாள்தான் தம்பியிடம் சொன்னாள். "தெரிஞ்ச தொழிலை உட்டுட்டு எத்தனை நாளைக்கு இப்படி மூட்டை தூக்குவே? ஓட்டு. பொறுத்து ஓட்டு. நானும் கூட வாரேன்." சொன்னபடியே ஏறி, கதவோரம் உட்கார்ந்தாள். பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை அவனை எத்தனையோ வண்டி தாண்டிக்கொண்டு போனது. இறங்கியபோது அவன் சட்டை முதுகு நனைந்திருந்தது. மறுநாள் அவன் தனியாகவே போனான்.

யுவஸ்ரீக்கு ஐந்து வயது நிறைந்தும் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு மற்றப் பிள்ளைகளின் தோட்டைப் பார்த்துவிட்டு வந்து தினமும் அழுதது. காது குத்த வேண்டுமானால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருக்கிற ஒரே தாய்மாமன் படி மிதிக்கக்கூடாத ஆள். மாரியாத்தாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு காலையில் பழனியாத்தாள் தடியை ஊன்றிக்கொண்டு தானாகக் களத்துக்குப் போனாள். வேந்தன் டெம்போவில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றான். இத்தனை வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றதில்லை.

"வெள்ளிக்கிழமை புள்ளைக்குக் காது குத்தறம்" என்றாள் கிழவி. "மடி வேணும்."

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"வாரயா, மாட்டயா? சொல்லுடா, வெயிலேறுதுல்ல."

"வாரேனுங்கத்தே."

வெள்ளிக்கிழமை புது வேட்டி கட்டிக்கொண்டு, தட்டில் தோடும் பூவும் பழமும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் ஒரு கணம் தயங்கினான். கிழவி உள்ளே இருந்து, "நல்ல நேரம் போகுது" என்று அதட்டினாள். பலகையில் உட்கார்ந்து யுவஸ்ரீயை மடியில் வாங்கினான். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டது. மற்றக் காதைக் குத்துவதற்குள் மாமனின் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. அவன் கையை இழுக்கவில்லை, கண்ணீர் மட்டும் தாரை தாரையாக வழிந்தது. வந்திருந்த ஒறம்பரை, உறவுக்காரச் சனம், புள்ளைக்குக் குத்தினா மாமனுக்கு வலிக்குது பாரு என்று சிரித்தது.

பழனியாத்தாள் சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்தாள். ஒரு பிடி எடுத்துப் பேத்தி வாயில் போட்டாள். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததை அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"நீயும் வாயில போட்டுக்க. அழுவாதே" என்றாள்.

அன்று மத்தியானம் அவன் அந்த வீட்டில் பந்தியில் உட்கார்ந்தான். மாரியாத்தாள் சோறு போட்டாள், மாமியார் பின்னாலேயே வந்து பருப்பு ஊற்றினாள். குழந்தை புதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவன் முதுகில் சாய்ந்திருந்தது. அவன் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.